வால்டேருக்கு மாமாவோடு

பிப்ரவரி 18, செவ்வாய் – ரயிலில்

என் மாமனாருக்கு 82 வயது. கடற்படையில் 15 வருடம், அப்புறம் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் 25 வருடம், அப்புறம் வீட்டில் எங்கள் எல்லோரையும் மேய்ப்பது. அவர் பார்த்த உத்தியோகங்கள் இவை மூன்றும்தான். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து, எங்கேயாவது போக வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்டதில்லை. போன நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்வாழ்ச் சான்றை என் மகள் போனிலேயே அவர் முகத்தைக் காட்டிப் பதிந்து முடித்தாள். "அவ்வளவுதானா? நான் உயிரோட இருக்கேன்னு ஒத்துக்கிட்டாங்களா?" என்றவர், அதே மூச்சில், "வால்டேர் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். விசாகப்பட்டினத்தைத்தான் சொல்கிறார். அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு 1987 வரை வால்டேர் என்றுதான் பெயர்.

அப்படித்தான் இந்தப் பகல் வண்டியில் நாங்கள் ஐந்து பேர். மாமா, அத்தை, என் கணவர், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற மகள், நான்.

வண்டி கிளம்பி அரை மணி நேரத்துக்குள் மாமா எங்கள் பகுதியைக் கப்பலாக்கிவிட்டார். பைகளைப் பிடியோடு பிடி சேர்த்துக் கட்டியாயிற்று. தண்ணீர் பாட்டில் ஜன்னல் கம்பியில் ஒரு முடிச்சில் தொங்குகிறது. எவ்வளவு இழுத்தாலும் வராது, ஒரு நுனியைச் சுண்டினால் மட்டும் அவிழும். எதிரே இருந்த ராஜமுந்திரிக்காரர் அதைக் கட்டிப் பார்த்தார், வரவில்லை. மாமா மூன்று முறை செய்து காட்டினார். அந்தக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது, மாமாவின் தெலுங்கு ஐம்பது வருடம் பழசு. இருந்தாலும் முடிச்சு பரிமாறப்பட்டது. பதிலுக்கு அவர்கள் பூதரேகுலு தந்தார்கள். அரிசி மாவைக் காகிதத்தைவிட மெல்லியதாக வார்த்து, உள்ளே நெய்யும் வெல்லமும் வைத்து மடிக்கிற இனிப்பு. வாயில் போட்டால் மெல்ல வேலையில்லை. பல்செட் வைத்திருக்கும் மாமாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

விஜயவாடாவில் ஏறிய புளியோதரைப் பொட்டலம் 60 ரூபாய். காரம் எங்கள் வீட்டு அளவுக்கு இரண்டு மடங்கு. மகள் அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கோதாவரி வந்தது. பெட்டியில் பாதிப் பேர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து காசு போட்டார்கள், அத்தையும் ஐந்து ரூபாய் போட்டார். பக்கத்தில் பழைய பாலம் தெரிந்தது. 1900-இல் திறந்தது, 1997 வரை ரயில் ஓடியது. மாமா முதன்முதலில் கடற்படைக்குப் போனதும் அதன் மேலேதான். "வந்தவாசிப் பக்கத்துப் பையன். அதுவரைக்கும் ஏரியை விடப் பெரிய தண்ணி பார்த்ததில்லை. இதைப் பார்த்துட்டு இதுதான் கடல்னு நெனைச்சேன்" என்றார். இந்தக் கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தைக்குக்கூட.

ராத்திரி விடுதிக்குப் போனால் லிஃப்ட் ஓடவில்லை. அறை இரண்டாவது மாடி, அத்தைக்கு முழங்கால் வலி. கீழ்த்தளத்தில் அறை இல்லையாம். வரவேற்பில் இருந்த பையன் மன்னிப்புக் கேட்ட அழகில் சண்டை போடவும் மனது வரவில்லை. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினோம்.

பிப்ரவரி 19, புதன்

காலை நாலு மணிக்கு ஏதோ சத்தம். எழுந்து பார்த்தால் மாமா குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று வெந்நீர் கெய்சரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். சூடு வரவில்லையாம். நாற்பது வருடம் பாய்லரோடு வாழ்ந்த மனிதரிடம் இருபத்தைந்து லிட்டர் கெய்சர் மாட்டினால் விடுவாரா? என் கணவர் கெஞ்சி இறக்கிவிட்டார். விடுதி ஆள் ஏழு மணிக்கு வந்து, மாமா சொன்ன அதே இடத்தில்தான் கோளாறு என்று ஒத்துக்கொண்டார். அன்று முழுவதும் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

காலை உணவு பெசரட்டு. பச்சைப் பயறு தோசைக்குள் உப்புமா, மேலே இஞ்சித் துண்டும் வெங்காயமும், கூடவே இஞ்சிச் சட்னி. 80 ரூபாய். தோசைக்குள் உப்புமாவா என்று முகம் சுளித்த என் கணவர் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

அப்புறம் ராமகிருஷ்ணா கடற்கரை. பிப்ரவரியிலேயே ஒன்பது மணிக்கு வேர்க்கிறது, ஆனால் காற்று நின்றுபோகவில்லை. தெற்கே துறைமுக வாயிலில் டால்ஃபின் நோஸ் குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. மாமா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்களை எண்ணினார். எண்ணி முடித்ததும், "எனக்கு எதுவும் கேட்கலை" என்றார். காது கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது.

என்ஜின் பிரிவில் வேலை செய்த பழைய ஆட்கள் பலருக்கும் காது இப்படித்தான். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டால் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசுவதற்குக் காரணமும் இதுவே. விருந்தாளிகள் சண்டை என்று நினைப்பார்கள். அந்தச் சின்னப் பொத்தான் பேட்டரிக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் இருந்தவர் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்து, எங்கள் கூடவே நடந்து வந்து கண்ணாடிக்கடை ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். ஆறு பேட்டரி கொண்ட அட்டை 250 ரூபாய்.

மதியத்துக்கு மேல் வெயிலில் எங்கேயும் போக முடியாமல் அறையிலேயே இருந்தோம். மகள் போனில் பதிவு போட்டுக்கொண்டு கேள்வி கேட்டாள். 1960-இல் பதினேழு வயதில் சேர்ந்திருக்கிறார். சிறுவர்களாகச் சேர்கிற மாலுமிகளுக்கு அப்போது இந்த ஊரில்தான் பயிற்சி. ஏன் கடற்படை என்று கேட்டாள். "மூணு வேளை சோறு, வெள்ளைச் சட்டை." தேசம், வீரம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தவள் ஏமாந்துபோனாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ராத்திரி கடற்கரையில் புனுகுலு. இட்லி மாவு போண்டாதான், ஆனால் சுடச்சுட வேர்க்கடலைச் சட்னியில் தோய்த்துத் தருகிறார்கள். ஒரு தட்டு 40 ரூபாய். அத்தை தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்காரப் பெண்ணிடம் சரளமாகத் தெலுங்கில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். நாங்கள் நாலு பேரும் அத்தையையே பார்த்தோம். இத்தனை நாள் இந்தத் தெலுங்கு எங்கே இருந்தது?

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்குக் குர்சுரா.

சோவியத் நாட்டில் கட்டி 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி. 2001-இல் ஓய்வு கொடுத்தார்கள், மறு வருடம் கடற்கரை மணலுக்கே இழுத்து வந்து அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். 91 மீட்டர் நீளம். வெளியே நின்று பார்க்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் ஓர் ஆள் ஒதுங்கினால்தான் இன்னோர் ஆள் போகலாம். இதற்குள் 75 பேர், வாரக்கணக்கில். டார்பிடோக்கள் இருக்கும் அறையிலேயே படுக்கைகளும். முன்னால் ஆறு, பின்னால் நாலு என்று பத்துக் குழாய்கள், மொத்தம் 22 டார்பிடோ ஏற்றலாம். ஆங்காங்கே சீருடை போட்ட பொம்மைகளை வேலை செய்வது போல நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை; திரும்புகிற இடமெல்லாம் யாரோ முறைக்கிறார்கள்.

ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டமான ஓட்டை. காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, உடம்பைப் பிறகு கொண்டுவர வேண்டும். அத்தை ஏணிப்படியைப் பார்த்தவுடனே வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டார். மாமாவை என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மேலே இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். பின்னால் சிக்கிக்கொண்டது என் கணவர்தான். வயிறு.

இங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். எங்களுக்கு வாய்த்தவருக்கு அறுபது வயதிருக்கும். மாமா குழாய்களை அண்ணாந்து பார்க்கிற விதத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எந்தக் கப்பல், சார்?" என்று இந்தியில் கேட்டார்.

"பழைய விக்ராந்த். பாய்லர் ரூம்."

அவ்வளவுதான். எங்களுக்கு நடந்துகொண்டிருந்த விளக்கம் நின்றுபோனது. இரண்டு பேரும் அரை மணி நேரம் கப்பல் இந்தியில் பேசினார்கள். அதில் பாதி ஆங்கிலம், கால்வாசி கெட்ட வார்த்தை என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். அவரும் டீசல் என்ஜின் ஆள்தானாம், அவருக்கும் காது மந்தம். கத்திக் கத்திப் பேசியதில் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயந்து நின்றுவிட்டார்கள். கடலில் இரண்டே வகைக் கப்பல்தான், ஒன்று நீர்மூழ்கி, மற்றதெல்லாம் இலக்கு என்று அவர் மாமாவைச் சீண்டினார். நீர்மூழ்கிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற பழைய ஜோக்காம். மாமா சிரிக்கவில்லை.

ஏன் என்பது வெளியே வந்தபிறகு தெரிந்தது. கொஞ்ச தூரத்திலேயே 1971 போரின் வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. அது தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. விக்ராந்த் இங்கே இருப்பதாக நம்ப வைத்துவிட்டு, கப்பலை அந்தமான் பக்கம் மறைத்து வைத்திருந்தார்கள். ராஜ்புத் என்ற நம் போர்க்கப்பல் வீசிய குண்டுகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. தன் கண்ணிவெடியே வெடித்துவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு.

"அப்போ தாத்தா, அது உங்களைத் தேடித்தான் வந்துச்சு!" மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. போரில் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் பார்க்கலைம்மா. சண்டை நடந்ததெல்லாம் மேலே. நான் தண்ணி மட்டத்துக்குக் கீழே."

உண்மை அதுதான். நாலு பாய்லரில் ஒன்றில் விரிசல். வேகமாக ஓட்டக்கூடாது என்று உத்தரவு. ஆனால் தளத்திலிருந்து விமானம் கிளம்ப வேண்டுமென்றால் கப்பலுக்கு வேகம் வேண்டும். அப்போதைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜார், சிட்டகாங் என்று விமானங்கள் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்த நாட்களில், கீழே இவர்கள் அந்த விரிசல் பாய்லர் எப்போது வெடிக்குமோ என்று பார்த்துக்கொண்டே நீராவி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே என்ன நடக்கிறது என்பது ஒலிபெருக்கியில் சொன்னால்தான் தெரியும். காஜி மூழ்கிய செய்தியும் அப்படித்தான் வந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்களா என்று மகள் கேட்டாள்.

"தட்டினோம்." கொஞ்சம் பொறுத்து, "அதுலயும் என்ஜின் ரூம் பசங்க இருந்திருப்பாங்க" என்றார்.

காஜியில் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை.

அத்தை அப்போது வந்தவாசிப் பக்கம் மாமியார் வீட்டில் வாயும் வயிறுமாக இருந்தாராம். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. ரேடியோவில் விக்ராந்த் என்று பெயர் வரும்போதெல்லாம் மாமியார் ஓடிவந்து ஒலியைக் குறைத்துவிடுவார், கர்ப்பிணி கேட்கக்கூடாதென்று. "அதனால எனக்கு அந்தச் சண்டையே தெரியாது. இவருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும்" என்றார் அத்தை.

அந்தக் கப்பல் இப்போது இல்லை. 1997-இல் ஓய்வுபெற்று, மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக நின்று, 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பைச் சேர்த்து ஒரு பைக் வந்தபோது என் கணவர் வாங்க ஆசைப்பட்டார். மாமா தடுத்துவிட்டார். அந்த இரும்பு எவ்வளவு சூடாகும் என்று தனக்குத் தெரியுமாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாமாவைக் கடற்படையைப் பார்க்க அழைத்துவந்திருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். காலை பெசரட்டின்போது அவர் சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்தார். அதில் பென்சிலில் ஒரு தெருப்படம். இவர்கள் 1973 முதல் 75 வரை குடியிருந்த வீடு. அதைப் பார்க்கத்தான் வந்தாராம்.

குடியிருப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாலுமிக் குடும்பங்கள் ஊருக்குள் வாடகைக்கு இருப்பார்கள். இவர்கள் இருந்தது பூர்ணா மார்க்கெட் பக்கம், ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஒரு திண்ணை. கல்யாணம் 1970-இல். ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து இருந்தது முதன்முதலாக இங்கேதான். அதற்கு முன்பெல்லாம் மணி ஆர்டரும் கடிதமும்தான். மகன் பிறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் மாமா பார்த்திருக்கிறார். பிள்ளை இவரைப் பார்த்து அலறி, பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டதாம். "இப்பவும் கொஞ்சம் பயம்தான்" என்றார் அந்தப் பிள்ளை, 53 வயதில், சட்னியைத் துடைத்தபடி.

மாமாவின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினோம். ஆட்டோக்காரர் பொறுமைசாலி, 150 ரூபாய் பேசியிருந்தோம், நாங்கள் தேடுவது என்ன என்று தெரிந்ததும் நேரத்தை மறந்து தானும் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார். மாமா ஒரு தெருவைக் காட்டி இதுதான் என்றார். அத்தை ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. "இது இல்லை. அடுத்தது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குடம் தூக்கிட்டு ஏறினவ நான். அந்த ஏத்தம் என் இடுப்புக்குத் தெரியும்."

அடுத்த தெரு மேட்டில் ஏறியது. பாதியில் ஓர் ஆஞ்சநேயர் மாடம், அதைத் தாண்டியதும் அத்தை நின்றுவிட்டார். வீடு இல்லை. நாலு மாடிக் கட்டிடம், கீழே செல்போன் கடை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியிடம் அத்தை போய், "இக்கட மா இல்லு உண்டேதி" என்றார். இங்கே எங்கள் வீடு இருந்தது. அந்த அம்மாள் கீரையைத் தள்ளிவைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். யார் என்ன என்று விசாரிக்கும் முன்பே காபி. ஓட்டு வீடு 2014 ஹுத்ஹுத் புயலில் கூரை போய், அதற்கப்புறம் இடித்துக் கட்டினார்களாம். வீட்டுக்காரர் குடும்பம் ஹைதராபாத் போய்விட்டது. பின்கட்டுக் கிணறு மட்டும் மூடி போட்டு இருக்கிறது என்று அழைத்துப் போய்க் காட்டினார். மூடியின் மேல் துணி காயப்போட்டிருந்தது.

மாமா கிணற்றடியைச் சுற்றி வந்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் இங்கே தூங்க மட்டும்தானே வந்தேன்" என்றார். ஆனால் அவர் சொல்லாத விஷயங்களை அத்தை அவிழ்த்துவிட்டார். ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்ததும் குழந்தையின் துணிகளை அலசிப் போடுவாராம். அந்தத் தெருவில் ஆண்கள் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கப்பலில் எல்லோரும் தன் துணியைத் தானேதான் துவைக்க வேண்டும், இதில் என்ன என்பாராம். சப்பாத்தி சுடவும் அத்தைக்கு அவர்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் எல்லோர் செருப்பையும் வரிசையாக வைத்து பாலிஷ் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நான் புதிதாக வந்தபோது என் செருப்பை மாமனார் தொடுவதா என்று ஒளித்து வைத்திருக்கிறேன். அதையும் கண்டுபிடித்துத் துடைத்து வைத்துவிடுவார்.

மதியம் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில், 140 ரூபாய். பருப்புப்பொடி, நெய், கோங்குரா, கெட்டித் தயிர். மாமா தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை, எங்களுக்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துவிட்டு எழுந்துவிட்டார். இந்த விஷயத்தில் மட்டும் அவரோடு ஓட்டலுக்குப் போவது தண்டனை.

சாயங்காலம் கடற்படை மருத்துவமனை கல்யாணி. என் நாத்தனார் 1974-இல் பிறந்த இடம். உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்றுதான் போனோம். கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கு வீடியோ அழைப்பு போட்டு என் கணவர் போனை வாசல் பக்கம் திருப்பியதும் காவலர் விரைந்து வந்தார். இங்கே படம் எடுக்கக் கூடாது. மாமா உடனே கால்களைச் சேர்த்து நின்று, தன் அடையாள அட்டையை நீட்டி, மகன் செய்தது தப்பு என்றார். காவலர் அட்டையைப் படித்தார், சேர்ந்த வருடத்தைப் பார்த்து மறுபடியும் படித்தார். "தாத்தாஜி, நான் பிறக்கவே இல்லை அப்போது" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். போனை மட்டும் பையில் போடச் சொன்னார், அதில் சலுகை இல்லை. நாத்தனாருக்கு வானமும் ஒரு மரமும்தான் தெரிந்ததாம்.

பிப்ரவரி 22, சனி

சிம்மாசலம். வருடம் முழுவதும் சந்தனக் காப்பில்தான் வராக நரசிம்மர் இருக்கிறார், அட்சய திருதியை அன்று ஒரு நாள்தான் காப்பு இல்லாத தரிசனம். வரிசை நகரவே இல்லை. அத்தைக்கு முழங்கால், மாமாவுக்கு வெயில், எனக்கு இருவர் மேலும் எரிச்சல். முன்னால் நின்ற ஒரு பெண் தன் மடக்கு ஸ்டூலை அத்தைக்குக் கொடுத்துவிட்டுத் தான் நின்றே வந்தார். பிரசாதப் புளியோதரை நன்றாக இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மகளுக்கு அரக்குப் பள்ளத்தாக்கு போக ஆசை. நேரமில்லை, அடுத்த முறை என்று ஒத்திவைத்துவிட்டோம். அவள் பேசாமல் இருந்ததை ஈடுகட்ட பூர்ணா மார்க்கெட்டில் வளையல். அத்தை "தக்கிஞ்சண்டி, தக்கிஞ்சண்டி" என்று 300 ரூபாயை 180-க்கு இறக்கினார். நான் சென்னையில் இந்த அத்தையைப் பார்த்ததில்லை. அங்கே விலை சொன்னால் கொடுத்துவிட்டு வருகிறவர்.

ராத்திரி அறையில் மாமாவிடம் ஒன்று கேட்டேன். 15 வருடம் முடிந்ததும் ஏன் விட்டுவிட்டீர்கள்? பெட்டி ஆஃபீசர் ஆகியிருந்தார், இன்னும் நீட்டித்திருக்கலாம். "பென்ஷனுக்கு அது போதும். அடுத்த போஸ்டிங் கப்பல்ல. பொண்ணும் பதினோரு மாசம் கழிச்சு என்னைப் பார்த்து அழணுமா?" என்றார். அத்தை தூங்குவதுபோல் இருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு – திரும்பும் வழி

விடியற்காலை நாலரைக்கு வண்டி. மாமாவைத் தவிர மற்ற நாலு பேரும் பாதித் தூக்கத்தில் படி இறங்கினோம். லிஃப்ட் நேற்று ராத்திரி சரியாகிவிட்டதாம், கீழே வந்தபிறகு சொன்னார்கள்.

வண்டியில் எதிர் இருக்கைக்காரர் மாமாவின் தொப்பியைப் பார்த்து "நேவியா சார்?" என்று கேட்டுவிட்டு, போர்க்கதை கேட்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார். மாமாவும் சொன்னார். விக்ராந்த், அந்தமான், பாய்லர். நெல்லூர் தாண்டும்போது எங்களுக்கே மனப்பாடம்.

பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் போய், எண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. இந்த இடத்தில் நிற்காமல் போனால்தான் ஆச்சரியம். மாமா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "கப்பல்ல பதினஞ்சு வருஷம்தான். இங்கே இருபத்தஞ்சு வருஷம். இதைப் பத்தி ஒருத்தராவது கேட்கறீங்களா?"

ஒருத்தரும் கேட்டதில்லைதான். எதிர் இருக்கைக்காரரும் போனை எடுத்துக்கொண்டார்.

மகள் மட்டும் பதிவு பொத்தானை அழுத்தி, "சொல்லுங்க தாத்தா" என்றாள். அறுபது மெகாவாட் யூனிட் இரண்டு, நூற்றுப் பத்து மூன்று, ஆக 450 மெகாவாட். முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1970-இல். மூன்று ஷிப்ட். மழைக்காலத்தில் நிலக்கரி நனைந்து ஈரமாக வந்தால் குழாயில் அடைத்துக்கொள்ளும், கடப்பாரையால் குத்தித் தள்ள வேண்டும். கப்பலில் எண்ணெய் எரித்தவருக்கு முதல் மழைக்காலத்தில் அழுகையே வந்ததாம். தீபாவளி ராத்திரி ஷிப்டை இவரே கேட்டு வாங்கிக்கொள்வார், பதிலுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா அன்று விடுப்பு. பிள்ளைகள் இருவரின் ஆண்டு விழாவிலும் அவர் முதல் வரிசையில் இருந்ததை என் கணவர் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். "தீபாவளிக்கு நீங்க ஏன் வீட்ல இல்லைன்னு கோபமா இருப்பேன்பா" என்றார். "தெரியும். சம்பளம் கூட வரும்ல" என்றார் மாமா. 2001-இல் ஓய்வு பெற்றார். நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள்.

வண்டி கிளம்பி எங்கள் திருவொற்றியூரை நிற்காமல் கடந்தது. வீடு ஒரு கிலோமீட்டர் தூரத்தில். சென்ட்ரலில் இறங்கி, வந்த வழியே திரும்பப் போக ஆட்டோ 600 ரூபாய் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, ஊர் மாறியது மறந்து, "தக்கிஞ்சண்டி" என்றார். டிரைவர் சிரித்துவிட்டு, தான் நெல்லூர் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார். 450-க்கு முடிந்தது.